கூழாங்கல்லும் குதிகாலும்: நீஸ் நகரக் கடலோரத்தில் பாதம் படும் பாடு குறித்த ஆய்வு

கடற்கரை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனம் மணலை நினைத்துக்கொள்கிறது. இது ஓர் அறிவுக் குறைபாடு. இந்தக் குறைபாட்டோடுதான் இவ்வாய்வாளர் ஒரு ஜூன் மாதக் காலையில், பிரான்சின் தென்கிழக்கு மூலையில் மத்தியதரைக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நீஸ் நகரத்தின் கடலோரப் படிகளில் இறங்கினார். ஏழாவது அடியில் குறைபாடு நீங்கியது. செருப்பின் வாரும் நீங்கியது. இரண்டும் ஒரே நொடியில் நிகழ்ந்தமையால் எது காரணம், எது காரியம் என்று இன்றளவும் பிரித்தறிய முடியவில்லை.

ஆய்வுக் களம்: 'தேவதைகளின் வளைகுடா' என்று பொருள்படும் பெயர்கொண்ட வளைகுடாவை ஒட்டி ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளும் நடைபாதை, அதன் கீழே கிடக்கும் கற்கள். முதன்மை ஆதாரம்: ஆய்வாளரின் இடது பாதம். துணைமை ஆதாரம்: வலது பாதம். ஆய்வு நெறியாளராக ஆய்வாளரின் மனைவியார் பொறுப்பேற்றார். அவர் மேலே நடைபாதையில் ஒரு நீல நாற்காலியைப் பிடித்து, பைகள் அனைத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, அன்று முழுவதும் கீழே இறங்காமலே நெறிப்படுத்தினார். களப்பணிக்கு வராத நெறியாளர் என்பது நம் பல்கலைக்கழக மரபுக்கு உட்பட்டதே. ஏன் இறங்கவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில் ஒரு முழு ஆய்வு முறையியலே அடங்கியிருக்கிறது: "மேல ஏறி வர்றவங்க மூஞ்சியப் பார்த்தேன். போதும்."

முதலில் கல். நீஸ்காரர்கள் இதைக் 'கலே' என்கிறார்கள். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், நனைந்தால் கருநீலம். சிறியது புளியங்கொட்டை அளவு. நடுத்தரமானது மெதுவடை, துளை நீங்கலாக. பெரியது இட்லி. இட்லியின் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் குணத்தை மட்டும் துறந்த பொருள் உலகில் வேறெதுவும் இருப்பதாக இவ்வாய்வாளருக்குத் தெரியவில்லை. (சில விடுதிகளில் உண்டு என்பார் கூற்று இங்கே ஒதுக்கப்படுகிறது.)

இக்கற்கள் கடல் பெற்ற பிள்ளைகள் அல்ல. நகரத்தின் முதுகுக்குப் பின்னால் ஆல்ப்ஸ் மலை நிற்கிறது. அங்கே புறப்படும் வார் என்ற ஆறு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி, நீஸின் மேற்கு விளிம்பில் கடலில் விழுகிறது. நிதானமாகச் சமவெளியில் நடந்துபோகிற ஆறு தான் சுமந்துவரும் பாறையை அரைத்து அரைத்து மணலாக்கிவிடும். வாருக்கு அந்த அவகாசம் இல்லை. மலையைவிட்டுக் குதித்தால் கடல். அதனால் அரைகுறையாக உருட்டின கல்லை அப்படியே கொண்டுவந்து போட்டுவிடுகிறது. பொடிமண் எல்லாம் எங்கே என்றால், கரையைத் தாண்டியதுமே கடலடித்தளம் செங்குத்தாக இறங்குகிறது. மெல்லியதெல்லாம் ஆழத்துக்குப் போய்விடுகிறது, வன்மையானது மட்டும் வாசலில் தங்கிவிடுகிறது. ஆற்றின் பெயரும் செருப்பில் அறுந்ததும் தமிழில் ஒரே சொல்லாக அமைந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட மொழியியலார்க்கு உரிமை உண்டு. அனுபவித்தவனுக்கு இல்லை.

வார் ஆற்றைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் போக முடியாது. 1860க்கு முன்பு, இடையில் சில காலம் நீங்கலாக, நீஸ் பிரான்சில் இல்லை. சார்தீனிய அரசின் கையில் இருந்தது. வார் ஆறுதான் எல்லை. அந்த ஆண்டு நீஸ் பிரான்சோடு சேர்ந்தபோது மாவட்டங்களை மாற்றிப் பிரித்தார்கள். பழைய மாவட்டத்துக்கு இருந்த ஆற்றங்கரை புதிய மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆற்றின் பெயரால் அமைந்த பழைய 'வார்' மாவட்டத்தில் இன்று வார் ஆறு ஓடவில்லை. பெயர் ஓரிடத்திலும் பொருள் ஓரிடத்திலும் இருப்பதை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கலங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிற மக்கள், கல்லைக் கடற்கரை என்று அழைப்பதில் வியப்பில்லை.

திணைக் கோட்பாட்டின்படி இக்கல்லை எங்கே வைப்பது? பிறப்பு குறிஞ்சி, குடியிருப்பு நெய்தல். எனவே திணைமயக்கம் என்க. நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல் என்று நம்மவர்கள் வகுத்துவைத்திருக்கிறார்கள். அதன் செம்மையை உணர விரும்புகிறவர் காலை பதினொரு மணிக்கு நீஸ் கரையில் நின்று பார்க்கலாம். துண்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற அத்தனை பேரும் இரங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில், ஜெர்மனில், இத்தாலியனில், கொரியனில். இவ்வாய்வாளர் 'அம்மா' என்றார். பக்கத்தில் நின்றிருந்த, எந்த நாட்டவர் என்று தெரியாத ஒரு பெரியவர் புரிந்ததுபோலத் தலையசைத்தார்.

இனி முன்னாய்வுகள். 1763இன் இறுதியில் ஸ்காட்லாந்து எழுத்தாளர் டோபையஸ் ஸ்மாலெட் இங்கே வந்தார். மருத்துவம் படித்தவர், அதனாலேயோ என்னவோ நோயாளி. நெஞ்சு நோயோடு வந்த மனிதர் நீஸ் கடலில் இறங்கிக் குளிக்க ஆரம்பித்ததும் ஊரே வாயைப் பிளந்தது. செத்துப்போவார் என்று உள்ளூர் வைத்தியர் சிலர் சோதிடம் சொன்னார்கள். சாகவில்லை. 1766இல் பயண நூலை வெளியிட்டு, பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் இருவரையும் பாரபட்சமின்றித் திட்டித் தீர்த்தார். அந்த நூலைப் படித்த பிறகு ஆங்கிலேயர் நீஸ் பக்கமே தலைவைக்க மாட்டார்கள் என்றுதான் எவரும் எண்ணுவர். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். திட்டும் விளம்பரமே என்ற கொள்கைக்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

வந்தவர்கள் குளிர்காலத்தில் வந்தார்கள். வெயில் காயத்தான் வந்தார்களே ஒழிய, கடலில் இறங்க அல்ல. இங்கேதான் இவ்வாய்வின் மையக் கருதுகோள் எழுகிறது. 1820களின் தொடக்கத்தில் ஒரு கடுங்குளிர் வந்து சுற்றுவட்டாரத்தில் பிழைப்பைக் கெடுத்தது. வேலையற்றவர்கள் நகரத்தில் வந்து நிறைந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க லூயிஸ் வே என்ற ஆங்கிலப் பாதிரியார் தம் மக்களிடம் பணம் திரட்டிக் கடலோரமாக ஒரு பாதை போடச்செய்தார். பெயரிலேயே பாதையை வைத்திருந்தவர், வேறென்ன செய்திருப்பார்? உள்ளூர்க்காரர்கள் அதை 'ஆங்கிலேயர் பாதை' என்றார்கள். அதுவே வளர்ந்து அகன்று இன்றைய 'ப்ரொமெனாத் தெஸ் ஆங்லே' ஆனது. வரலாற்றாசிரியர்கள் இதை அறச்செயல் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அறம் உண்மைதான். ஆனால் தருமத்துக்கு வேலை கொடுப்பவர் கிணறு வெட்டலாம், குளம் தூர்வாரலாம், தேவாலயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். ஏன் கடற்கரைக் கற்களை ஒட்டி, கற்களின் நீளத்துக்கு, கற்களின் மேல் கால் படாமல் நடக்கும்படி ஒரு பாதை? கடலைப் பார்க்க வேண்டும், கல்லை மிதிக்கக் கூடாது. இந்த இரண்டு ஆசைக்கும் நடுவே விரிந்த நடைபாதை அது. உலகப் புகழ்பெற்ற அந்தக் கடலோரச் சாலை, கூழாங்கல்லிடம் ஆங்கிலேயக் குதிகால் தோற்றதற்கு நடப்பட்ட நினைவுச்சின்னம் என்று இவ்வாய்வு நிறுவுகிறது. மறுப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மறுக்கவும்.

பிறகு நடந்ததெல்லாம் இதன் விரிவுரைதான். 1887இல் ஸ்தெஃபென் லியெஜார் என்ற எழுத்தாளர் இக்கரைக்கு 'கோத் தஸூர்', அதாவது 'நீலக் கரை' என்று பெயர் சூட்டி ஒரு புத்தகம் போட்டார். அவருடைய சொந்த ஊரிருக்கும் மாவட்டத்தின் பெயர் 'பொற்கரை'. பொன்னை எடுத்துவிட்டு நீலத்தைப் பூசினார், வேலை முடிந்தது. கவனிக்க: 'சாம்பல் கல் கரை' என்று வைக்கவில்லை. கண்ணை மேலேயும் தொலைவிலும் வைத்துக்கொண்டால்தான் இந்த ஊர் இனிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ நீஸை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் 'ரிவியேராவின் குளிர்கால ஓய்வு நகரம்' என்றே சேர்த்தது. பூட்ஸ் போட்ட பருவத்துக்குத்தான் பட்டயம். வெறுங்கால் பருவத்துக்கு இல்லை.

வெறுங்கால் என்றதும் இசடோரா டங்கன் நினைவுக்கு வருகிறார். காலணி இல்லாமல் ஆடி உலகத்தையே அதிரவைத்தவர். கடைசி நாட்களில் நீஸில் இருந்தார். இந்த ஆய்வுக்கு அவரைவிடத் தகுதியான தகவலாளி கிடைத்திருக்க மாட்டார். 1927 செப்டம்பரில், ஓடும் காரின் சக்கரத்தில் கழுத்துத் துணி சிக்கி இதே ஊரில் இறந்துபோனார். கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி நடை. தீமிதித் திருவிழா பார்த்து வளர்ந்த ஆய்வாளர், அதே உத்தி இங்கும் செல்லும் என்று முதலில் கருதினார். தீக்குழியில் நின்றால் சுடும், வேகமாகக் கடந்தால் தப்பிக்கலாம். கூழாங்கல்லில் இந்த விதி தலைகீழ். வேகம் கவிழ்த்துவிடும், நிதானம் குத்தும். காரணம் எளிய பௌதிகம். உடம்பின் எடை முழுவதும் பாதத்தின் பரப்பில் பரவாமல், மூன்று நான்கு கற்களின் முனையில் போய் நிற்கிறது. அதிலும் ஒரு கல் நிச்சயம் உள்ளங்கால் குழியை, இறைவன் யாருக்கும் காட்டாமல் ஒளித்துவைத்த அந்த இடத்தை, தேடிவந்து தொடும். தொட்டதும் அடுத்த காலை அவசரமாக ஊன்றுவோம். அது ஆடுகிற கல்லாக இருக்கும். கைகள் தாமாக விரியும், விரல்கள் முத்திரை பிடிக்கும், இடுப்பு ஒரு பக்கம் ஒடியும். மேலே நீல நாற்காலியிலிருந்து நெறியாளரின் குரல்: "என்னங்க, என்ன அங்க? அரங்கேற்றமா?"

தண்ணீருக்குள் போவது இத்தனை கடினம் என்றால் வெளியே வருவது தனி இயல். மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு முழம்கூடத் தேறாது. அலையும் சாதாரண நாளில் சாது. ஆனால் கரை சட்டென்று சரிகிறது. இரண்டு அடி வைத்தால் இடுப்பளவு, இன்னும் இரண்டு வைத்தால் நீச்சல். திரும்பி வரும்போது அந்தச் சரிவில் ஏற வேண்டும். காலடியில் இருக்கும் கற்களைப் பின்வாங்கும் அலை உருவிக்கொண்டு போகும். அப்போது ஒரு சத்தம் வரும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பல்லாங்குழிச் சோழியை அள்ளிக் கொட்டுவதுபோல. கேட்பதற்கு அவ்வளவு இனிமை. உள்ளேயிருந்து கேட்பவர் அந்த நேரத்தில் இரண்டு கையும் ஒரு முழங்காலும் ஊன்றி, மற்றொரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி அசைத்துக்கொண்டிருப்பார். பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்கு இது என்னவென்று சொல்லத் தேவையில்லை. செங்கீரைப் பருவம். ஐம்பது வயதில் வங்கி மேலாளர்களும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் செங்கீரை ஆடிக் கரையேறுவதை நீஸில் கட்டணமின்றிக் காணலாம். கரையில் நின்று அவர்களுடைய மனைவிமார் கையை நீட்டி, "வா, வா, இன்னும் ஓரடிதான்" என்று வெவ்வேறு மொழிகளில் அழைப்பது வருகைப் பருவம். இரண்டு பருவங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கிறார்கள் என்ற குறையைத் தவிர இலக்கணப் பிழை ஏதுமில்லை.

இந்த நிலையிலிருந்து ஆய்வாளர் எழ முயன்றபோது பெருவெடி ஒன்று கேட்டது. கிழக்கே கோட்டைக் குன்றிலிருந்து நாள்தோறும் நண்பகலில் வெடி போடுவது இந்த ஊர் வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே தங்கிய ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஊர்க்கதை பேசப்போகிற மனைவி சமைக்க நேரத்துக்கு வருவதில்லை என்று தொடங்கிவைத்த ஏற்பாடு என்று கதை சொல்கிறார்கள். மனைவியை வீட்டுக்கு வரவைக்கப் பீரங்கி கேட்ட அந்த மனிதரின் வெடி, இத்தனை ஆண்டு கழித்து இவ்வாய்வாளரை மட்டும் மீண்டும் கடலுக்குள் தள்ளியது. ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார் என்பதைப் பதிவு செய்வது கடமை.

இக்கற்களின் மேல் படுத்துப் பார்த்தவரும் உண்டு. ஈவ் க்ளைன் என்ற ஓவியர் நீஸில் பிறந்தவர். பத்தொன்பது வயது வாக்கில், 1947இல், அவரும் இரண்டு நண்பர்களும் இக்கரையில் கிடந்தபடி உலகத்தையே மூவருமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். க்ளைனின் பங்கு வானம். உடனே அதில் கையெழுத்தும் போட்டார், விரலால். நீலத்தை வைத்தே பிற்பாடு பெயர் பெற்றார். தம் வானத்தில் குறுக்கே பறந்து ஓட்டை போடுகின்றன என்று பறவைகள்மேல் அவருக்குக் கோபம். கலை விமரிசகர்கள் இதை எப்படி எப்படியோ விளக்குகிறார்கள். கூழாங்கல்லின் மேல் மல்லாந்து படுத்தவனுக்கு வேறு எதைக் கேட்கத் தோன்றும்? முதுகுக்குக் கீழே இருந்ததைத் தனக்கு வேண்டும் என்று அன்று எவர் கேட்டிருப்பார்?

பரிகாரங்கள் உண்டு. பிரான்சில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் செருப்பு ஒன்று விற்கிறார்கள். தண்ணீரிலும் போடலாம், கல்லிலும் போடலாம். பெயர் 'மெதூஸ்'. ஜெல்லி மீனுக்கும் அந்த மொழியில் இதே பெயர்தான். கடலுக்குள் ஜெல்லி மீன் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் என்ன அளவு என்று திருப்பிக் கேட்கும் அபாயம் உண்டு. பணம் உள்ளவர்களுக்குக் கட்டணக் கடற்கரை. மெத்தை, குடை, தண்ணீர்வரை மரப்பலகை. இல்லாதவர்களுக்கு நீல நாற்காலி. ஒருகாலத்தில் வாடகைக்கு விட்டார்கள், இப்போது இலவசம். அந்த நாற்காலிக்கு 2014இல் ஆளுயரத்தையும் மிஞ்சிய இரும்புச் சிலை ஒன்றே வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தவர்களைத் தாங்கியதற்கு இவ்வளவு மரியாதை; மிதித்தவர்களைத் தாங்கியதற்கு ஒன்றும் இல்லை.

"அஃதேல், உள்ளூர்க்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?" என்று கேட்பார்க்கு விடை: அவர்கள் சமாளிப்பதே இல்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் மெல்லிய துண்டு ஒன்றை உதறி விரித்தார். பஞ்சணை மேல் சாய்வதுபோலக் கற்களின் மேல் சாய்ந்தார். முதுகை இரண்டு முறை அசைத்தார், கற்கள் விலகி இடம் கொடுத்தன. புத்தகத்தைத் திறந்தார். சிறிது நேரம் கழித்து எழுந்து, வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல் நடந்து, தண்ணீரில் இறங்கிப்போனார். மணல் ஒட்டாத ஈரக் காலோடு திரும்பி வந்தார். ஆய்வாளர் பார்த்துக்கொண்டேயிருந்தார். மணல் இல்லாததால் தண்ணீர் கலங்குவதில்லை, தின்பண்டத்தில் நறநறவென்று எதுவும் கடிபடுவதில்லை, அறைக்குத் திரும்பினால் குளியலறையில் பாலைவனம் உருவாவதில்லை என்பதெல்லாம் அப்போதுதான் மூளையில் ஏறியது.

இடையில் ஒரு சிற்றுண்டிக் குறிப்பு. கடலை மாவைத் தண்ணீரிலும் ஆலிவ் எண்ணெயிலும் கரைத்து, வண்டிச் சக்கரம் போன்ற தாம்பாளத்தில் ஊற்றி, விறகடுப்பில் வேகவைத்து, மிளகுத்தூள் தூவித் தருகிறார்கள். பழைய நகரத்தின் சந்துகளில் கிடைக்கும். பெயர் சொக்கா. தொலைபேசியில் வீட்டுக்குச் சொன்னபோது, "சொக்காயத் தின்னியா? ஏம்ப்பா, காசு தீர்ந்துபோச்சா?" என்று அம்மா பதறிப்போனார். ஆய்வுக்கு இது தொடர்பில்லாததுபோல் தோன்றும். இரண்டு தட்டு தின்றவனின் எடை உள்ளங்காலுக்குத் தெரியும்.

மாலையில் ஆய்வாளர் நெறியாளரின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, முடிவுரையை வாய்மொழியாக வழங்கினார். இந்த ஊரில் எல்லாமே வந்தவர்களுக்காக ஆனது. பாதை ஆங்கிலேயனுக்கு, தேவாலயம் ரஷ்யப் பிரபுக்களுக்கு, பெயர் புத்தகம் வாங்குபவர்களுக்கு. இந்தக் கல் ஒன்றுதான் எவருக்காகவும் செய்யப்படாதது. மலை அனுப்பியது, ஆறு கொண்டுவந்தது. அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் கடலைத் தூர்த்துத்தான் விமான நிலையத்துக்கு ஓடுதளம் போட்டிருக்கிறார்கள். கல் வந்து இறங்கும் அதே இடத்தில்தான் நாமும் வந்து இறங்கினோம். ஆனால் கல் சொந்தக்காரன், நாம் விருந்தாளி. ஆகவே, கடவுச்சீட்டைப் பார்க்காமல், காசைப் பார்க்காமல், எல்லாரையும் ஒரே மாதிரி ஆட்டிவைக்கும் உரிமை இந்தக் கல்லுக்கு மட்டுமே உண்டு.

நெறியாளர் கைப்பேசியிலிருந்து நிமிராமல் கேட்டார்: "அப்ப அது என்ன?"

கரையின் மறுகோடியில் மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று நின்றது. விசாரித்ததில் தெரியவந்தவை வருமாறு. வார் ஆற்றின் படுகையில் பல பத்தாண்டுகள் சரளை அள்ளினார்கள், குறுக்கே தடுப்புகள் கட்டினார்கள். நகரத்தின் நடுவே ஓடிய பையோன் ஆற்றை மூடி, மேலே பூங்காவும் சதுக்கமும் கட்டிக்கொண்டார்கள். கல் வருவது குறைந்தது. கரை மெலிந்தது. குளிர்காலப் புயல் இருப்பதையும் வாரிக்கொண்டு போனது. எனவே 1970கள் முதல் நகராட்சியே லாரி லாரியாகக் கல்லைக் கொண்டுவந்து கடலோரத்தில் கொட்டி, இயந்திரத்தை வைத்துச் சமன் செய்கிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்ன பழமொழியை இவர்கள் அறிவார்களா தெரியாது. கடலிலே கன மீட்டர் கணக்கில் அளந்துதான் போடுகிறார்கள். அதாவது, சுற்றுலாப் பயணியின் பாதத்தைக் குத்துவதற்கான கல், சுற்றுலாப் பயணிக்கு ஒரு கடற்கரை வேண்டுமே என்பதற்காக, செலவு செய்து வரவழைக்கப்படுகிறது.

மையக் கருதுகோள் தப்பியது. முடிவுரை மட்டும் தகர்ந்தது. ஆய்வேடுகளில் வழக்கமாக இது நேர்மாறாக நடக்கும்.

மறுநாள் விடுதியைக் காலி செய்து, விமான நிலையம் போகும் இரண்டாம் எண் டிராமுக்குக் கிளம்பும் நேரம். நெறியாளரின் கைப்பை வழக்கத்துக்கு மாறாகக் கனத்தது. திறந்தால் உள்ளே, கைக்குட்டையில் சுற்றப்பட்டு, கைக்கு அடக்கமான, ஒரு பக்கம் தட்டையான, மிக நேர்த்தியான கூழாங்கல் ஒன்று.

"இஞ்சி தட்டறதுக்கு," என்றார். "நம்ம வீட்டுக் குழவி கனமா இருக்கு."

கடற்கரைக் கல்லை எடுத்துப்போனால் அபராதம் விழக்கூடிய நாடு இது என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். ஆளுக்கு ஒன்று எடுத்தால் கரை என்னாகும் என்றும் கேட்டார். ஓர் ஆய்வாளருக்கே உரிய ஆவேசத்தோடு, அரைமணி நேரம். நெறியாளர் பதில் சொல்லவில்லை. பெட்டியை அவரிடம் விட்டுவிட்டுச் சாலையைக் கடந்தார். நடைபாதையின் கைப்பிடியருகே நின்று, கல்லைக் கைக்குட்டையிலிருந்து பிரித்து, கீழே போட்டார். ஆயிரம் கற்களுக்குள் அது 'டக்' என்று விழுந்து காணாமல் போனது.

திரும்பி வந்து கைப்பையை மூடிக்கொண்டே சொன்னார்: "போங்க, லாரிக்காரனுக்கு ஒரு கல்லு மிச்சம்."